ஜெனியின் தகப்பன்: ‘த லைமி’ திரைப்படமும் பழி கேட்கும் உரிமையும்

ஆங்கில நடிகர் டெரன்ஸ் ஸ்டாம்ப் 2025 ஆகஸ்டில் காலமானபோது அவரைப் பெரும்பாலும் ‘சுப்பர்மேன்’ படங்களின் வில்லனாகவே நினைவுகூர்ந்தார்கள். அவர் நடித்தவற்றுள் என் மனதில் தங்கியிருப்பது வேறொரு படம். ஸ்டீவன் சொடர்பேர்க் இயக்கி 1999 இல் வெளிவந்த ‘த லைமி’. தொழிலை விட்டுவிடும் வயதை எட்டிய ஒரு பழைய திருடன், சிறையிலிருந்து வெளியே வந்ததும் மகளின் மௌத்துக்குப் பழிவாங்க லண்டனிலிருந்து அமெரிக்கா போகிறான். கதை இவ்வளவுதான். படமும் ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டாது. ‘லைமி’ என்பது ஆங்கிலேயரை அமெரிக்கர் கேலியாக அழைக்கும் சொல். பிரித்தானியக் கடற்படையினர் ஸ்கேர்வி நோய் வராமலிருக்கத் தேசிக்காய்ச் சாறு குடித்ததால் வந்த பட்டப்பெயர்.

இப்படியொரு படத்தைப் பற்றி இந்த இதழில் எழுதுவதா என்று இரண்டு சாரார் கேட்கக்கூடும். படம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் ஒரு சாரார். அவர்களோடு வாதிடும் இடம் இதுவல்ல. மற்றச் சாரார் படம் பார்ப்பவர்கள்தான். ஆனால் மஜீத் மஜீதி, கியரொஸ்தாமி என்று ஈரானோடு நின்றுகொள்வார்கள். அடிதடிப் படம் என்றால் “அது பொடியன்மார்ர சமாச்சாரம்” எண்டு ஒதுக்கிவிடுவார்கள். இவர்களுக்குத்தான் நான் எழுதுகிறேன். தமிழில் முதற் பெருங்காப்பியமாக நாம் வைத்திருக்கும் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் முடிவது ஒரு பழிவாங்கலில். கணவனை இழந்த பெண் ஒருத்தி அரசவைக்குப் போய், சிலம்பை உடைத்துச் சாட்சி காட்டி, அரசன் உயிரை விட்ட பின்னும் ஆத்திரம் அடங்காமல் நகரத்தையே எரிக்கிறாள். எங்கட கிழக்கு மாகாணத்தில் அயலிலுள்ள கண்ணகி அம்மன் கோயில்களில் ‘கண்ணகி வழக்குரை’ பாடப்படுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். பழி என்பது இலக்கியத்துக்கு வெளியே நிற்கும் மலிவான பொருள் என்று தமிழ் படித்த ஒருவன் சொல்லமுடியாது. பழியை ஒரு படைப்பு எப்படி விசாரிக்கிறது என்பதுதான் பேச வேண்டியது.

படத்தின் பிரதான பாத்திரத்துக்கு வில்சன் என்று பெயர். முழுப் பெயர் நமக்குச் சொல்லப்படுவதில்லை. வாழ்நாளில் பெரும் பகுதியை உள்ளேயும் வெளியேயுமாகக் கழித்தவன். கடைசியாக ஒன்பது வருடம் இருந்துவிட்டு வந்திருக்கிறான். லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்த மகள் ஜெனி கார் விபத்தில் இறந்துபோனதாக அவளுடைய நண்பன் எட்வர்டோ என்பவன் செய்தி அனுப்புகிறான். மலைப்பாதையில் கார் உருண்டு எரிந்துபோனதாம். வில்சன் நம்பவில்லை. ஜெனி ஒருவனோடு வாழ்ந்திருக்கிறாள். டெரி வலன்டைன் என்று பெயர். இசைத்தட்டுத் தயாரிப்பாளன், பெரும் பணக்காரன். அந்தப் பணத்துக்குள் போதைப்பொருள் வியாபாரத்தின் பணமும் கலந்திருக்கிறது. மொழி, பழக்கம், பாதை எதுவும் தெரியாத நகரத்தில், எட்வர்டோவும் ஜெனிக்கு நடிப்புக் கற்பித்த எலெய்ன் என்ற பெண்ணும் துணையாக இருக்க, இந்தக் கிழவன் வலன்டைனை நெருங்குவதே கதை.

ஹொலிவூட் கணக்கில் இது மிகச் சிறிய படம். ஏறத்தாழ ஒரு கோடி டொலர் செலவு. அமெரிக்கத் திரையரங்குகளில் அதில் பாதியைக்கூட மீட்கவில்லை. பணக் குறைவு படத்தில் தெரிகிறதா என்றால் தெரிகிறது. மலிவான மோட்டல் அறை, ஒரு களஞ்சியசாலை, மலைச்சரிவில் ஒரு வீடு, கடற்கரை. பெரிய கார் துரத்தல், கட்டடம் தகர்த்தல் ஒன்றும் இல்லை. ஒரு கார் துரத்தல் வருகிறது, அதுவும் சட்டென்று முடிந்துவிடுகிறது. ஆனால் பணம் இல்லாத இடத்தில் சொடர்பேர்க் வேறொன்றை வைக்கிறார். அதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும்.

லெம் டொப்ஸ் எழுதிய திரைக்கதை நேர்க்கோட்டில் போகக்கூடியது. சொடர்பேர்க்கும் படத்தொகுப்பாளர் சாரா ஃப்ளெக்கும் அதைக் கலைத்து அடுக்கினார்கள். விமானத்தில் வில்சன் தனியாக உட்கார்ந்திருக்கும் காட்சி படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. அவன் அமெரிக்காவுக்குப் போகிறானா, திரும்பி வருகிறானா என்று தெரியாது. வில்சனும் எலெய்னும் பேசும் ஒரே உரையாடல் ஒரு வசனம் வீட்டுக்குள், அடுத்த வசனம் கடலோரத்தில், அதற்கடுத்தது சாப்பாட்டுக் கடையில் என்று இடம் மாறி மாறித் தொடர்கிறது. உதடு அசையாத முகத்தின் மீது குரல் கேட்கிறது. இன்னும் நடக்காத ஒன்று ஒரு கணம் மின்னி மறைகிறது. முதல் தடவை பார்ப்பவருக்கு ஒரு இருபது நிமிடம் எரிச்சலாகவே இருக்கும். இது ஸ்டைலுக்குச் செய்த வேலையாக எனக்குப் படவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரு மனிதன் தனியே இருந்து நடந்ததை மனதுக்குள் உருட்டும்போது அது வரிசையாகவா வருகிறது? மையித்து வீட்டில் இரண்டாம் நாள் இரவு மூலையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். சொன்ன வார்த்தை ஒன்று, சொல்லாமல் விட்டது ஒன்று, எப்போதோ கண்ட முகம் ஒன்று. விமான ஆசனத்தில் அவன் இருக்கும் அந்தக் காட்சிதான் படத்தின் நிகழ்காலம், மற்றதெல்லாம் அவன் நினைப்பு என்றே நான் வாசிக்கிறேன். அப்படி வாசித்தால் படத்தில் நாம் காணும் ஒவ்வொரு துப்பாக்கிச் சூடும் ஏற்கெனவே பயனற்றுப்போன ஒன்றாகிவிடுகிறது.

இன்னொரு காரியமும் செய்திருக்கிறார்கள். வில்சனின் இளமைக்கால நினைவுகளாக வருபவை 1967 இல் கென் லோச் எடுத்த அவருடைய முதல் முழுநீளப் படமான ‘புவர் கவ்’ திரைப்படத்தின் உண்மையான காட்சிகள். அதில் ஸ்டாம்ப் ஒரு இளம் திருடனாக நடித்தார். முப்பதாண்டுக்கு முந்திய அவருடைய முகமே இந்தப் படத்தில் வில்சனின் இளமை முகமாகிறது. ஒப்பனை, வேறு நடிகன், கணினி வித்தை ஒன்றும் தேவைப்படவில்லை. திரையில் அந்த அழகான வாலிபனையும் பக்கத்தில் அறுபது வயதுச் சுருக்கங்களையும் மாறி மாறிப் பார்க்கையில், ஒருவனின் ஆயுள் எங்கே போனது என்ற கேள்வி வசனமில்லாமலே எழுகிறது. எதிராளியாக வரும் பீட்டர் ஃபொண்டாவும் அப்படித்தான். 1969 இல் ‘ஈஸி ரைடர்’ படத்தில் மோட்டார் சைக்கிளில் சுதந்திரத்தைத் தேடிப் போன அதே மனிதன் இங்கே வெள்ளைப் பல் தெரியச் சிரிக்கும் வியாபாரி. அறுபதுகளின் அற்புதம் எல்லாம் உண்மையில் ஒன்றரை வருடக் கதைதான் என்ற கருத்துப்பட அவன் தன் இளம் காதலியிடம் குளியலறைக் கண்ணாடி முன்னால் பேசும் இடம் இருக்கிறது. ஒரு தலைமுறையின் கனவை விற்றுத் தின்றவன் அவன். வில்சன் அதே காலத்தைச் சிறையில் தொலைத்தவன். இந்த இரண்டு கிழவர்களுக்கு நடுவே செத்துக் கிடப்பது அடுத்த தலைமுறை.

சும்மா சொல்லக்கூடாது, படத்தில் சிரிப்பும் இருக்கிறது. வில்சன் பேசுவது கிழக்கு லண்டன் தொழிலாளர் பாஷை. ஒரு சொல்லுக்குப் பதிலாக அதனோடு எதுகை பாடும் தொடரைப் போட்டு, பிறகு எதுகைச் சொல்லையும் விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்வார்கள். நண்பனுக்கு ‘மேட்’ என்று சொல்ல வேண்டுமானால் ‘சைனா பிளேட்’ ஆகி, கடைசியில் வெறும் ‘சைனா’வில் நிற்கும். அமெரிக்கப் போதைத் தடுப்பு அதிகாரி ஒருவரின் முன்னால் வில்சன் இந்தப் பாஷையில் நீளமாக விளாசுகிறான். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீ சொன்னதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை என்கிறார். எங்கட ஊர்ப் பேச்சைப் பேசிக் கொழும்பில் முழிக்க வைத்தவர்களுக்கு இந்தக் காட்சி தனி இன்பம். துப்பாக்கி வாங்கும் இடமும் ஞாபகத்தில் நிற்கிறது. பாடசாலைப் பருவத்துப் பையன்களிடம் போய் வாங்குகிறான். இயக்குநர் அதில் ஒரு கருத்தும் சொல்வதில்லை. நாளாந்தம் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிற எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் முதலில் வருவது காட்சியல்ல, குரல். இருட்டுத் திரையில் வில்சனின் குரல் ஜெனியைப் பற்றிச் சொல்லும்படி கேட்கிறது. பழிவாங்கும் படம் என்பதால் அதை ஒரு மிரட்டலாகவே கேட்கிறோம்: என் மகளை என்ன செய்தாய், சொல்லடா. கடைசியில் கடற்கரையில் வலன்டைனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அவன் கேட்பதும் அதையேதான். ஆனால் இடையில் படம் முழுவதும் அவன் எட்வர்டோவிடம், எலெய்னிடம் ஏறத்தாழ இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஏனென்றால் அவனுக்குத் தெரியாது. மகள் என்ன படித்தாள், யாரோடு பழகினாள், எதற்குக் கோபப்படுவாள் ஒன்றும் தெரியாது. அவள் வளர்ந்த காலமெல்லாம் அவன் உள்ளே. அவனிடமிருப்பது ஒரு சிறுமியின் ஞாபகம் மட்டும். எலெய்னின் வாயிலிருந்துதான் தன் பிள்ளை எப்படிப்பட்ட மனுஷி என்பதை அவன் அறிந்துகொள்கிறான். பழி கேட்க வந்தவன் முதலில் பிள்ளையின் சரித்திரம் கேட்க வேண்டியவனாக இருக்கிறான்.

சிறையும் சவூதியும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். பிள்ளையின் படிப்புக்காகக் கட்டாரில் வெயிலில் நிற்கும் மனிதரை ஒரு திருடனோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். இருந்தாலும் பெற்றோர் கூட்டத்துக்கு விடுமுறையில் வந்திருக்கும் வாப்பாமார் என்னிடம் கேட்கும் கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்: “ஸேர், இவன் எப்படிப் புள்ள?” அந்தக் கேள்வியின் பிரிவையும் வெட்கத்தையும் ஸ்டாம்பின் முகத்தில் கண்டேன் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இல்லாத தகப்பன் வந்ததும் முதலில் செய்ய நினைப்பது என்ன? அதிகாரம் செலுத்துவது. வில்சனிடம் இருக்கிற ஒரே அதிகாரம் கொலை.

அந்த அதிகாரத்தைப் பற்றி நம் மார்க்கத்தில் விரிவான பேச்சு இருக்கிறது. அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் வாரிசுக்குக் கிஸாஸ் கேட்கும் உரிமை உண்டு; நஷ்டஈடான தியத்தை ஏற்கலாம்; மன்னிக்கவும் செய்யலாம். உரிமையைச் சொல்கிற அதே இடத்திலேயே, 17ஆம் ஸூராவின் 33ஆம் வசனத்தில், வாரிசு கொலையில் எல்லை மீறக்கூடாது என்ற கட்டளையும் வருகிறது. எல்லை மீறல் என்றால் என்ன என்பதற்குத் தப்ஸீர் ஆசிரியர்கள் கொடுக்கும் விளக்கங்களில், கொன்றவனை விட்டு வேறொருவனைக் கொல்வதும், ஒருவனுக்குப் பதிலாகப் பலரைக் கொல்வதும் அடங்கும். ஜாஹிலிய்யாக் காலத்து வழக்கத்தை வைத்தே அப்படிச் சொல்கிறார்கள். ஓர் ஒட்டகத்தில் தொடங்கி நாற்பது வருடம் நீண்டதாக அறபு மரபு கூறும் பஸூஸ் யுத்தத்தில், குலைபின் சகோதரன் முஹல்ஹில் ஒரு குற்றமறியா இளைஞனைக் கொன்றுவிட்டு, அவனுடைய உயிர் குலைபின் செருப்பு வாருக்குத்தான் ஈடாகும் என்று சொன்னானாம். பழியின் கணக்கு எவ்வளவு பயங்கரமானது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை. தண்டனையை நிறைவேற்றுவது அதிகாரபீடத்தின் பொறுப்பு, தனியாள் துவக்குத் தூக்குவதல்ல என்பதும் பிக்ஹில் பொதுவாகச் சொல்லப்படுவது.

இந்த அளவுகோலோடு படத்தின் மிகவும் புகழ்பெற்ற காட்சிக்குப் போவோம். களஞ்சியசாலையொன்றுக்கு வில்சன் விசாரிக்கப் போகிறான். அங்கிருப்பவர்கள் அவனை அடித்து, அவமானப்படுத்தி, வெளியே தூக்கி எறிகிறார்கள். அவன் எழும்பி, ஒளித்து வைத்திருந்த இன்னொரு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே நடக்கிறான். கமெரா அவனோடு போவதில்லை. வெளியே தெருவில் நிற்கிறது. வெடிச் சத்தம் கேட்கிறது, வெளிச்சம் மின்னுகிறது. ஒருவன் மட்டும் உயிர் தப்பி ஓடி வருகிறான். பின்னால் முகத்தில் இரத்தத்தோடு வில்சன் வந்து, நான் வருகிறேன் என்று போய்ச் சொல்லு எனக் கத்துகிறான். விமர்சகர்கள் வியந்து பேசும் காட்சி இது. கொலையைக் காட்டாமல் விட்ட கட்டுப்பாட்டை நானும் மெச்சுகிறேன். எங்கட தமிழ்ப் படக்காரர்கள் இந்த இடத்தில் பத்து நிமிடம் இரத்தம் தெளித்திருப்பார்கள்.

ஆனால் கமெராவை வெளியே நிறுத்தியதால் இன்னொன்றும் நடந்துவிடுகிறது. உள்ளே செத்தவர்களின் முகம் நமக்கு ஞாபகமில்லாமல் போகிறது. அவர்கள் வில்சனை அடித்தவர்கள், கெட்டவர்கள், சரி. ஜெனியைக் கொன்றவர்கள் அல்லர். அவர்களுக்கும் எங்கோ ஒரு வாப்பா இருந்திருப்பார் என்ற நினைப்புப் படத்துக்கு வருவதேயில்லை. வலன்டைனின் வீட்டு விருந்தில் ஒரு காவலாளியை வில்சன் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் பள்ளத்தில் தள்ளிவிடும்போதும் அது ஏறத்தாழ ஒரு பகிடியாகவே கையாளப்படுகிறது. தூரத்தில், கண்ணாடிக்கு அப்பால், பின்னணியில் நடக்கிறது. சிரித்துவிட்டோம் என்பது பிறகுதான் உறைக்கும். இது முஹல்ஹிலின் கணக்கு. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் வீரமுனையிலும் கொல்லப்பட்டவர்கள் தங்களைக் கொன்றவர்களுக்கு எந்தத் தீங்கும் செய்தவர்களல்லர். ஒருவன் செய்ததற்கு இன்னொருவன் உயிர் ஈடு என்ற எண்ணம் நம் மாகாணத்தில் கதையாக இருந்ததில்லை. அதனால்தான் அந்தக் காவலாளியைப் படத்தின் ரசிகர்கள் தாண்டிப் போவதுபோல என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

இறுதிக் கட்டம் பிக் சேர் கடற்கரை வீட்டில். வலன்டைனின் ஆட்களும், அவர்களே கூலிக்கு அமர்த்தி ஏமாற்றப்பட்ட கொலையாளிகளும் இருட்டில் ஒருவரையொருவர் சுட்டு முடிக்கிறார்கள். வில்சன் பெரிதாக ஒன்றும் செய்யத் தேவைப்படவில்லை. கடற்கரைப் பாறைகளுக்கிடையே ஓடிய வலன்டைன் விழுந்து கால் முறிந்து கிடக்கிறான். வில்சன் அவன் மேல் ஏறிப் பிடித்துக் கேட்கிறான். வலன்டைன் சொல்கிறான்: போதைப்பொருள் கொடுக்கல் வாங்கலை அறிந்துவிட்ட ஜெனி, பொலிசுக்குச் சொல்லப்போவதாக டெலிபோனை எடுத்தாள், தான் தடுத்தபோது அவள் இறந்துபோனாள், விபத்து என்று காட்டியது பின்னால் செய்த ஏற்பாடு.

இந்த இடத்தில் படம் ஒரு பழைய நினைவுக்குத் தாவுகிறது. சிறுமி ஜெனி டெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டு தகப்பனைப் பார்க்கிறாள். திருடப் போகாதே, போனால் பொலிசுக்குச் சொல்லிவிடுவேன் என்பது அவள் சிறு வயதில் அவனுக்குக் காட்டிய வெருட்டு. அவள் ஒருபோதும் சொன்னதில்லை. சொல்லமாட்டாள். அன்பு வைத்த ஆணைக் கெட்டதிலிருந்து தடுக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது, தகப்பனிடமிருந்து கற்றுக்கொண்டது. வளர்ந்த பிறகும் தகப்பனைப் போன்ற ஒருவனையே தேடிப் பிடித்து, அவனிடமும் அதே வெருட்டைக் காட்டியிருக்கிறாள். அவனுக்கு அது வெருட்டு என்று தெரியவில்லை. வில்சனுக்கு மட்டும்தான் தெரியும். தன் மகளைக் கொன்ற காரியத்தின் வேர் எங்கே கிடக்கிறது என்பதும் அவனுக்கு மட்டும்தான் தெரியும். பிடியை விடுகிறான். எழும்பி நடக்கிறான்.

இதை மன்னிப்பு என்று எழுதியிருக்கிறார்கள். நான் ஏற்கவில்லை. மன்னிப்பவன் உரிமையை வைத்துக்கொண்டு அதை விட்டுக்கொடுப்பவன். வில்சனின் முகத்தில் விட்டுக்கொடுத்தவனின் அமைதி இல்லை. வழக்குப் பேச வந்தவன் தன் பெயரையும் எதிராளியின் வரிசையில் கண்டதுபோன்ற திகைப்பு இருக்கிறது. கண்ணகி சிலம்பை உடைத்தபோது அவளுக்குச் சாட்சி கையில் இருந்தது. அவள் கணவன் களவெடுக்கவில்லை என்பது தெளிவாயிற்று. வில்சனுக்குச் சாட்சி குற்றவாளியின் வாயிலிருந்து வருகிறது. வந்த சாட்சி அவனையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. சட்டமாகப் பார்த்தாலும் வலன்டைன் செய்தது திட்டமிட்ட கொலை என்று சொல்லுமளவுக்குத் தெளிவில்லை. கொல்லும் நோக்கமின்றி நேர்ந்த மரணத்துக்குக் கிஸாஸ் இல்லை, தியத்தே உண்டு என்பது பிக்ஹின் நிலைப்பாடு. வில்சன் பிக்ஹ் படித்தவனல்லன். ஆனாலும் கையைத் தளர்த்தும் அந்த நொடியில், தான் கேட்டு வந்த உரிமை தனக்கில்லை என்று அவன் உணர்ந்துவிட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது. நடிகர் ஒரு வசனமும் பேசாமல் இதைச் செய்கிறார்.

இதே வகைப் படங்கள் சிலவற்றோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மைக் ஹொட்ஜஸ் 1971 இல் எடுத்த ‘கெட் கார்ட்டர்’ படத்திலும் ஒரு லண்டன் குண்டன் சகோதரனின் மரணத்தை விசாரிக்க நியூகாசிலுக்குப் போகிறான். அதுவும் கடற்கரையில்தான் முடிகிறது. மைக்கல் கெய்ன் கொன்றுவிட்டு, கொல்லப்பட்டும் கிடக்கிறார். கணக்கு நேராகிவிட்டது, படம் முடிந்தது. ஜோன் பூர்மன் 1967 இல் எடுத்த ‘பொயின்ட் பிளாங்க்’கில் லீ மார்வின் தேடி அலைவது 93,000 டொலரை, காலத்தைக் குலைத்துக் கதை சொல்லும் முறைக்கு சொடர்பேர்க் அந்தப் படத்துக்குக் கடன்பட்டிருக்கிறார். தமிழில் தொழிலை விட்ட தாதா என்றதும் நமக்கு 1995 இன் ‘பாட்ஷா’தான் ஞாபகம் வரும். ஓட்டோக்காரன் மாணிக்கத்தின் பழைய வாழ்க்கை பம்பாயில். கொல்லப்பட்ட நண்பன் அன்வரின் பேரிலிருந்து ‘பாட்ஷா’வை எடுத்துச் சூடிக்கொள்கிறான். ஒரு முஸ்லிம் நண்பனின் பெயர் கதாநாயகனின் மகுடமாவது அந்தக் காலத்துத் தமிழ் சினிமாவில் சாதாரண விஷயமல்ல. நாங்கள் கைதட்டிய காரணங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அன்வர் சாவது மாணிக்கம் பெரியவனாவதற்காக மட்டுமே. அந்தப் படத்தில் பழி ஆளை உயர்த்துகிறது. அங்கே பழைய ஆளை மறைத்து வைத்திருப்பதில்தான் ருசி. எப்போது சட்டையைக் கழற்றுவான் என்று காத்திருப்போம். வில்சனிடம் மறைக்க ஒன்றுமில்லை. அவன் அன்றும் இன்றும் ஒரே ஆள்தான், அதுவே அவனுடைய கேடு.

குறைகளையும் சொல்ல வேண்டும். போதைத் தடுப்பு அதிகாரிகள் வில்சனைப் பிடித்துவிட்டு, முகவரியையும் காட்டி விட்டுவிடுவது கதையை நகர்த்துவதற்காகச் செய்த சௌகரியம். கூலிக் கொலையாளிகளின் உபகதை சிரிக்க வைக்கிறது, ஆனால் அதிகம் இடம் பிடிக்கிறது. டொப்ஸும் சொடர்பேர்க்கும் படத்தட்டில் பதிவான கருத்துரையிலேயே ஒருவரோடொருவர் சண்டை பிடிக்கிறார்கள். பாத்திரங்களின் பின்னணியை வெட்டிவிட்டதாக எழுத்தாளருக்கு மனத்தாங்கல். எலெய்ன் விஷயத்தில் எழுத்தாளர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். லெஸ்லி ஆன் வொரன் கண்ணாலேயே நிறையச் சொல்லிவிடுகிறார், ஆனால் அவளுக்கென்று ஒரு வாழ்க்கை இருந்ததைப் படம் தொட்டுவிட்டு ஓடிவிடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய குறை ஜெனி. பழிவாங்கும் கதைகளுக்கு எங்கேயும் ஒரு செத்த பெண் தேவைப்படுகிறாள். மகளாக, தங்கையாக, மனைவியாக. அவள் சாவது ஆண் துவக்கெடுப்பதற்கு. இங்கும் ஜெனி புகைப்படத்தில் இருக்கிறாள், அடுத்தவர் வாய்ச்சொல்லில் இருக்கிறாள், டெலிபோன் பிடித்த சிறுமியாக இருக்கிறாள். தன் வாயால் எங்களோடு பேசுவதில்லை. தகப்பனுக்கு அவளைத் தெரியாது என்பதுதானே படம், ஆகவே நமக்கும் தெரியாமல் போவது பொருத்தம்தான் என்று பதில் சொல்லலாம். பாதிப் பதில் அது. அன்று அந்த வீட்டில் டெலிபோனைக் கையிலெடுத்தபோது, இவன் தகப்பனைப் போலச் சிரித்துவிட்டுப் போவான் என்று நம்பினாளா, இல்லை இந்த முறை உண்மையாகவே பொலிசுக்குச் சொல்லத் துணிந்துவிட்டாளா? வில்சன் முதலாவதை நம்புகிறான். அவனுடைய வருத்தத்துக்கு அது வேண்டியிருக்கிறது. வளர்ந்த ஒரு பெண் மனம் மாறியிருக்கலாம், இந்தத் தடவை உண்மையாகவே அழைத்திருக்கக்கூடும் என்ற எண்ணம் அவனுக்கு வரவில்லை.

கடைசியாகத் திரையில் வருவது மீண்டும் ‘புவர் கவ்’ காட்சி. வாலிபன் ஸ்டாம்ப் கிட்டாரை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணுக்குப் பாட்டுப் பாடிக் காட்டுகிறான். அவன் இன்னும் பிடிபடவில்லை. பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.